தண்ணியில கண்டம்!

எனக்குத் தண்ணீரில் கண்டம். இதை நான் சொல்லவில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து என் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் காவிரிக்கரையில் பிறந்தும் நான் குளித்ததெல்லாம் பிளாஸ்டிக் பக்கெட்டில்தான். பையன்கள் எல்லோரும் ஆற்றில் குதித்து ஆட்டம் போடும்போது, நான் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருப்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'வாட்ச்மேன்' என்றே பெயர்.

அப்பேர்ப்பட்ட நான், போன டிசம்பரில் ஒரு நாள் காலை, அந்தமானில் ஹேவ்லாக் தீவுப் பக்கம் கடலில் குப்புறக் கிடந்தேன். உயிரோடுதான்!

காரணம், வேறென்ன... கல்யாணம். என் மனைவி காலேஜில் நீச்சலுக்குக் கப் வாங்கியவள். பெண் பார்க்கப் போனபோது அந்தக் கப்பைக் காட்டினார்கள். அதில்தான் ஸ்வீட் ஸ்பூன்களைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆறு மாதம் பொறுமையாக இருந்தவள், "எங்கேயாவது கடல் இருக்கிற ஊருக்குப் போகணும்" என்றாள். "மெட்ராஸ்லதான் இருக்கே" என்றேன். அன்று ராத்திரி உப்புமா.

மேனேஜரிடம் லீவு லெட்டரை நீட்டினேன். "அந்தமானா? அந்தக் காலத்துல தப்பு பண்ணாத்தான்யா அனுப்புவாங்க. நீ ஏன் சம்பளத்தைக் கொடுத்துட்டுப் போறே?" என்று கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. யோசித்து, "ஜெயிலைப் பார்க்கப் போறோம்மா" என்றேன். பொய் இல்லை. செல்லுலார் ஜெயிலுக்கும் டிக்கெட் வைத்திருந்தோம். "ஜெயில்தானே, பத்திரமா போயிட்டு வா" என்று விபூதி பூசி அனுப்பினாள். பிள்ளை ஜெயிலுக்குப் போகிறான் என்றதும் நிம்மதி அடைந்த ஒரே தாய் அவளாகத்தான் இருக்கும்.

போர்ட் ப்ளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியாயிற்று. ஹேவ்லாக்குக்கும் 2018-லேயே சுவராஜ் தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1857-ல் சிப்பாய்களை அடக்கப் போன ஜெனரலின் பெயர் எதற்கு என்று மாற்றினார்கள். ஆனாலும் படகுக்காரரிலிருந்து இளநீர்க்காரர் வரை எல்லோரும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். நாம் மட்டும் அண்ணா சாலையை மவுன்ட் ரோடு என்று சொல்வதில்லையா!

அங்கே முதல் அதிர்ச்சி, சூரியன். விடிகாலை காலா பத்தர் கடற்கரைக்குப் போனோம். கறுப்புப் பாறைகள், வெள்ளை மணல், நடுவில் நாங்கள். ஐந்தே முக்காலுக்குள் சூரியன் வந்து அட்டென்டன்ஸ் போட்டுவிட்டார். தீவு சென்னைக்கு கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனால் கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே. அதனால் அங்கே சூரியன் சீக்கிரம் வந்து, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கிளம்பிவிடுகிறார். நம் ஆபீஸில் அப்படிச் செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

எலிஃபன்ட் பீச்சுக்குப் படகு ஏறும் நேரத்தில் செல்போன் அடித்தது. அம்மா!

"எங்கே இருக்கே?"

"ஜெயிலுக்குப் பக்கத்துலதாம்மா."

"ஏதோ தண்ணி சத்தம் கேக்குதே?"

"ஃபேன் சத்தம்மா."

முன்பெல்லாம் அந்தத் தீவுகளில் சிக்னல் கிடைப்பதே குதிரைக் கொம்பு. 2020-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடியில் கேபிள் போட்டு, ஹேவ்லாக் உட்பட முக்கியமான தீவுகளை எல்லாம் இணைத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கேபிள் வழியாக முதலில் அம்மாதான் வருவாள் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

இருபது நிமிஷத்தில் எலிஃபன்ட் பீச். 2004 சுனாமி சாய்த்த பெரிய பெரிய மரங்கள் கரையில் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. யானை ஏதும் இல்லை. ஒரு காலத்தில் இந்தத் தீவுகளில் மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்தார்கள். அதில் ராஜன் என்ற யானை கடலில் நீந்துவதில் பேர் பெற்றது. ஹேவ்லாக்கிலேயே வயதாகி 2016-ல் செத்துப்போனது. "அவ்வளவு பெரிய யானையே நீந்தியிருக்கு..." என்று ஆரம்பித்த மனைவி, என் முகத்தைப் பார்த்து மீதியை முழுங்கிவிட்டாள்.

எங்களுக்கு வாய்த்த கைடு ஒரு வங்காளிப் பையன். இருபது வயசுகூட இருக்காது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி ஒன்றைக் கொடுத்தான். அதில் பனி படியாமல் இருக்க எச்சில் துப்பித் தேய்க்க வேண்டுமாம். துப்பினேன். வாயில் ஒரு குழாய். இனி மூக்கு லீவில் போகிறது, வாய்தான் இன்சார்ஜ். இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தேன். குபுகுபுவென்று கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர்! அலறி எழுந்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி குபுகுபு.

பையன் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், மூச் ப்ராப்ளம்! மூச் காட்னா படேகா!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்டம் வேலையைக் காட்டிவிட்டதே... மூச்சுப் ப்ராப்ளமா? மூச்சைக் காட்டச் சொல்கிறான் போலிருக்கிறது என்று, டிராஃபிக் போலீஸிடம் ஊதுவது போல அவன் மூஞ்சியில் 'ஹா...' என்று ஊதிக் காட்டினேன். பாவம், பையன் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

மனைவி சிரித்த சிரிப்பில் அவள் குழாயே வாயிலிருந்து விழுந்துவிட்டது. "ஏங்க, ஹிந்தியில மூச்னா மீசை! காட்னான்னா வெட்டறது! மீசை இடுக்கு வழியாத் தண்ணி உள்ளே வருதாம், மீசையை எடுக்கச் சொல்றான்!"

மீசையையா? கண்டம் என்றால் உயிரோடு போகும், மீசை போனால் ஆபீஸில் தலைகாட்ட முடியுமா? கடைசியில் வாஸலினில் சமாதானம் ஆயிற்று. மீசை மேல் அப்பிக்கொண்டு, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். பையன் வளையத்தை இழுத்துக்கொண்டு நீந்தினான்.

முதலில் கேட்டது என் மூச்சுதான். சினிமாவில் ஐ.சி.யூ. காட்சியில் வருமே, புஸ்... புஸ்... அதே சத்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை எண்ணினேன். இருபது வரை எண்ணியும் சாகவில்லை. கண்ணைத் திறந்தேன்.

சார், எனக்கு வர்ணிக்க வராது. தெரிந்ததைச் சொல்கிறேன். கீழே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு, சாமந்திப் பூ மாதிரி ஆடுகிற ஒன்றுக்குள் புகுந்து புகுந்து எட்டிப் பார்த்தன. இந்த ஜாதியில் குடும்பத்துக்கு மீனாட்சி ஆட்சிதான். பெண் செத்துப்போனால், புருஷன் மீனே பெண்ணாக மாறிப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுமாம். (மனைவி கரைக்கு வந்து சொன்னாள். இதை எதற்கு என்னிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.) பச்சையும் நீலமுமாகக் கிளி மீன் ஒன்று பவளப் பாறையைக் கடித்தது. நறுக், நறுக் என்று சத்தமே கேட்டது, கடலை மிட்டாய் கடிப்பது மாதிரி. தின்ற பாறை அரைபட்டுப் பின்பக்கமாக மணலாக வருகிறது. காலையில் நான் புரண்ட வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு என்று தெரிந்திருந்தால் சற்று யோசித்திருப்பேன்.

எல்லாமே வண்ணம் என்றும் சொல்ல முடியாது. நிறைய இடத்தில் பவளம் வெளுத்து, சாம்பல் பூத்துக் கிடந்தது. கடல் சூடேறினால், பவளத்துக்குள் குடியிருந்து சாப்பாடும் நிறமும் தருகிற பாசி வெளியேறிவிடும். சூடு சீக்கிரம் தணியாவிட்டால் பவளம் பட்டினியில் செத்துவிடும். 2010-லும் 2016-லும் அந்தமானில் அப்படி நடந்திருக்கிறது.

திடீரென்று பாறை முடிந்தது. கீழே ஒன்றுமே இல்லை. வெறும் நீலம், கறுப்பாகிக்கொண்டே போகிற நீலம். வளையத்தை இறுக்கிப் பிடித்தேன். அங்கேதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது.

அவரை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் என் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, "தண்ணியில கண்டமா? அப்படி ஒண்ணும் இதுல இல்லையே" என்றார். அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி அப்பா மொட்டை மாடியில் வைத்துச் சொன்னார். அம்மாவுக்குப் பதினாலு வயசில், ஒரு ஆடிப் பதினெட்டு அன்று, பன்னிரண்டு வயசுத் தம்பியை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பி வந்தது அவள் மட்டும். அப்புறம் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. என் கண்டத்தை எழுதியது எந்தக் கிரகமும் இல்லை.

அந்த நீலத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. மனைவி கீழே மூழ்கி, எனக்கு நேராக மல்லாந்து கையாட்டினாள். நானும் ஒரு கையை வளையத்திலிருந்து எடுத்து ஆட்டினேன். ஒரே ஒரு கைதான்.

சாயங்காலம் ராதாநகர் கடற்கரை. ஆசியாவிலேயே அழகானது என்று 2004-ல் 'டைம்' பத்திரிகை எழுதியது இதைத்தான். அழகுதான். 2010-ல் பக்கத்துக் கோவளம் ஒன்றில் கண்ணாடி போட்டு நீந்திய ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது என்று தெரிந்த பிறகு, மணலில் உட்கார்ந்தே சூரியனை வழியனுப்பினேன். சட்டைகளுக்குக் காவல்!

வீட்டுக்கு வந்த அன்றே மாட்டிக்கொண்டேன். முன்பக்கமெல்லாம் பழைய கலர். பின்னங்கழுத்தும் கெண்டைக்காலும் மட்டும் தீய்ந்த தோசை.

"ஜெயில்ல குப்புறப் படுக்க வெச்சாங்களாடா?" என்றாள் அம்மா.

பதில் சொல்லத் தெரியவில்லை. கொல்லையிலிருந்து கற்றாழை மடல் ஒன்றை ஒடித்து வந்து, சோற்றை வழித்துக் கழுத்தில் தடவினாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்:

"உள்ளே என்ன இருந்துச்சு?"

சொன்னேன். கோமாளி மீன், கிளி மீன், நறுக் நறுக் சத்தம்... நீலத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"அவனும் ஆத்துல கண்ணைத் தொறந்துக்கிட்டேதான் முங்குவான்" என்றாள். "கெண்டைக்குஞ்சு ஓடறது தெரியுதுக்கா, நீயும் பாரும்பான்."

நான் திரும்பவில்லை. கற்றாழை சில்லென்று இருந்தது.

"அடுத்த தடவை போனா கழுத்துல தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.