பெண் கடலின் கரையில்

உதகையிலிருந்து இத்தலார் வழியாக எமரால்டு செல்வோர், அங்குள்ள நீர்த்தேக்கத்தின் அலையற்ற பரப்பைக் கண்டதும் பிள்ளைகளுடன் இறங்கி நீராட ஆசைப்படக்கூடும். வேண்டாம்! குந்தா நீர்மின் திட்டத்திற்காகத் தேக்கப்பட்ட அந்நீர் ஆழமானது, கடுங்குளிர் கொண்டது. கரையில் நின்றே கண்டு களியுங்கள்.

குடும்பத்தோடு கடல் நீராட விரும்பினால், இராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரைக்குச் செல்லுங்கள். அங்குள்ள பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. இலங்கையும் இராமேசுவரம் தீவும் அதற்கு அரணாக நிற்பதால் அலைகள் அடங்கியே வரும். அதனைப் 'பெண் கடல்' என்றும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும் அப்பகுதி மக்கள் அழைப்பர். நீராடிய பின் சவுக்கு மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்ணலாம்.

எனினும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெண் கடலும் சீறும். ஆகவே அம்மாதங்களைத் தவிர்த்துச் செல்லுங்கள். எந்நாளும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள்.