தேவையைத் தீர்மானிப்பது யார்?

மருத்துவத்தில் எது தேவை என்று சொல்பவரும் அதை விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. மருத்துவமனையில் படுக்கை கூடினால் அதை நிரப்ப உள்நோயாளிகளும் கூடுவார்கள் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் மில்டன் ரோமர் 1960 வாக்கிலேயே எழுதினார்.

பிரசவத்தில் இது கண்கூடு. "தண்ணி கம்மியா இருக்கு, கொடி சுத்தியிருக்கு, ரிஸ்க் வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னபின் எந்தக் குடும்பம் மறுத்துப் பேசும்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 47.4 சதவீதம் சிசேரியன்; அரசு மருத்துவமனைகளில் 14.3. நல்ல நேரம் பார்த்துக் குடும்பமே கேட்பதும் உண்டு, வழக்குப் பயமும் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அவை மட்டுமே காரணமாக முடியாது. அறுவைக்குக் கட்டணம் அதிகம், நேரம் குறைவு.

அவசரமில்லாத அறுவைக்கு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. தயங்காமல் கேட்க வேண்டும்.