பத்துப் பேருக்கு ஒரு குப்பி

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். மூடியைத் துளைத்து முதல் ஊசியை இழுத்துவிட்டால் மீதி ஒன்பதும் நான்கு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொரோனா தடுப்பூசி போட்ட செவிலியர்களான எங்களுக்கு வேலையின் நுட்பம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருந்தது.

மருந்து வரும் பாதை பழகியதுதான். மாநிலக் கிடங்கிலிருந்து மண்டலக் கிடங்கு, அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்து ஐ.எல்.ஆர். என்னும் குளிர்பதனப் பெட்டி, வழி நெடுக 2 முதல் 8 டிகிரி குளிர். முகாமுக்குக் கிளம்பும்போது ஐஸ் பேக்கை உறைந்த கட்டியாகக் கேரியரில் வைக்கக் கூடாது. மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். வெயிலைப் போலவே உறைநிலையும் இந்த மருந்தைக் கெடுக்கும்.

பழகாதது ஆட்களைச் சேர்ப்பது. குழந்தைகள் என்றால் பிறந்த தேதியோடு பதிவேட்டில் இருப்பார்கள். பெரியவர்களுக்கு அப்படியொரு பட்டியல் எங்களிடம் இல்லை. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்கள், ஏப்ரல் 1 முதல் 45, மே 1 முதல் 18 என்று வரிசை நீண்டது. மருந்து அந்த வேகத்தில் வரவில்லை. 18 முதல் 44 வயதினருக்கு மாநிலங்களே வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு ஜூன் 21-இல் மாறி, மத்திய அரசே கொடுக்கத் தொடங்கியது. விதி மாறிய ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்றவருக்குப் பதில் சொன்னது ஊசி போட்ட கைதான்.

மதியத்துக்கு மேல் நாலு பேர் காத்திருக்க, புதுக் குப்பியைத் திறப்பதா? அங்கன்வாடிப் பணியாளரையும் நூறு நாள் வேலைத் தளத்தையும் போனில் அழைப்போம். "காய்ச்சல் வந்தா நாளைக்கு வேலைக்குப் போக முடியாதே, நர்சம்மா." "வரலாம் பாட்டி. ஒண்ணு ரெண்டு நாள்ல விட்டுடும், மாத்திரை தரேன்." வராது என்று பொய் சொல்லியிருந்தால் அந்தத் தெருவே இரண்டாவது டோஸுக்கு வந்திருக்காது.

குப்பியில் கூடுதலாக இருக்கும் மருந்திலிருந்து பதினோராவது டோஸை எடுப்பதும் ஒரு கைத்திறன். 2021 மே மாதத் தொடக்கத்தில் கேரளம், பெற்ற 73,38,806 டோஸிலிருந்து 74,26,164 டோஸ் போட்டதாக அறிவித்தது. அந்தச் செவிலியர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வீணான மருந்துக்கு அறிக்கையில் இடம் உண்டு. ஆள் சேரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இல்லை. நடந்து வந்த ஒரு முதியவருக்காகக் குப்பியைத் திறந்து சில டோஸ் வீணானாலும் அது சரியான முடிவே.

செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் 40,000 முகாம்களில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டோம். ஞாயிற்றுக்கிழமை, முன்னரே அறிவித்த தேதி, வீட்டுக்குப் பக்கத்தில் முகாம், கையில் போதிய மருந்து. மக்கள் தாமாக வந்தார்கள்.

அடுத்த தொற்றுக்குத் தயாராகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. எந்த ஊருக்கு எத்தனை குப்பி என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்பிப் போனவர்களின் பெயருக்கும் பதிவேட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். மறுநாள் எந்தத் தெருவில் தொடங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.