சொல்லாமல் விட்ட பெயர்கள்

சாஸ் மென்பொருளில் மெட்டாடேட்டா சர்வர் என்று ஒன்று உண்டு. தரவு அங்கே இருக்காது. எந்த டேபிள் எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்ற குறிப்புகள்தான் இருக்கும். எதை மாற்றுவதாக இருந்தாலும் எக்ஸ்எம்எல்லில் எழுதி, அப்டேட்மெட்டாடேட்டா என்ற மெதட் வழியாக அனுப்பலாம். டேபிளின் பெயரை மாற்ற அதன் ஐடியும் புதுப் பெயரும் போதும். அவ்ளோதான். சிக்கல் உறவுகளில்தான் தொடங்கும்.

இங்கே ஒவ்வொரு உறவுக்கும் இரண்டு முனை, இரண்டு பெயர். டேபிள் பக்கமிருந்து பார்த்தால் 'ரெஸ்பான்சிபிள்பார்ட்டீஸ்'. பொறுப்பாளர் பக்கமிருந்து பார்த்தால் 'ஆப்ஜெக்ட்ஸ்'. நாம் மாமா என்று கூப்பிட, அவர் மருமகனே என்று திரும்புகிற மாதிரி.

அந்தப் பட்டியலை மாற்றும்போது 'ஃபங்ஷன்' என்ற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சொல் எழுதலாம். அப்பெண்ட் என்றால் இருப்பவர்களைத் தொடாமல் புதியவரைச் சேர்க்கும். ரிமூவ் என்றால் நாம் பெயர் சொன்னவரை மட்டும் விலக்கும். ரீப்ளேஸ் என்றால், நாம் கொடுத்ததுதான் இனி முழுப் பட்டியல். அதில் இல்லாதவரின் தொடர்பு போயிடும்.

நான் இருந்த ஒரு ப்ராஜெக்டில் ஒரு டேபிளுக்கு மூன்று பொறுப்பாளர்கள். நான்காவதாக ஒருவரைச் சேர்க்க வந்த பையன் ரீப்ளேஸ் போட்டு, அந்த ஒரு பெயரை மட்டும் அனுப்பினான். எரர் எதுவும் வரவில்லை. சர்வர் சொன்னதைச் செய்தது. மூவரும் அமைப்பில் இருந்தார்கள். அந்த டேபிளோடு இருந்த நூல் மட்டும் அறுந்துவிட்டது. அவர்களில் ஒரு அக்கா ஏற்கெனவே வேறு டீமுக்குப் போயிருந்தார். அந்த டேபிளில் ஒரு தேதி ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கணக்கு முடிக்கும் வாரத்தில் கேள்வி வந்தபோது யாரைக் கேட்பதென்றே ஒருவருக்கும் தெரியவில்லை.

ரிமூவில் ஒருவரை விலக்க அவர் பெயரையாவது சொல்ல வேண்டும். ரீப்ளேஸில் அதுகூடத் தேவையில்லை. சொல்லாமல் விட்டாலே போதும்.

யாராவது புதிதாகக் குடும்ப வாட்ஸாப் குரூப் தொடங்கும்போதும் இதுதான் நடக்கிறது. ஊரிலிருக்கும் பெரியப்பாவை யாரும் நீக்குவதில்லை. புதுப் பட்டியலில் அவர் இல்லை, அவ்வளவே. அதனால் சண்டையும் இல்லை, சமாதானத்துக்கு வழியும் இல்லை.

டீமில் புதிதாகச் சேருகிறவர்களிடம் இப்போது நான் ஒன்றுதான் சொல்கிறேன்: ரீப்ளேஸ் எழுதுவதற்கு முன்னால் கெட்மெட்டாடேட்டா போடுங்க. ஏற்கெனவே யாரெல்லாம் இருக்காங்கன்னு ஒருமுறை படிங்க.