மணல் மூட்டை போதும்

புளியறை,
ஆடி மாதம்.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே சாரல் விட்டபாடில்லை, துணி காயவில்லை என்று உன் அத்தை புலம்புகிறாள்.

நீ அனுப்பின ஸ்டாண்டு படங்களை எல்லாம் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். திருகினால் ஏறி இறங்குகிற இரும்பு ஸ்டாண்டு, ரைபிளுக்கு அடியில் மாட்டுகிற இரட்டைக்கால் பைபாட், ஈயக் கட்டிகளை ஏற்றிவைத்து உதையை அடக்குகிற பெரிய சட்டம். எதை வாங்கலாம் மாமா என்று கேட்டிருக்கிறாய். எதையும் வாங்காதே, மணல் மூட்டை போதும். அந்தப் பணத்துக்கு நாலைந்து வகை பெல்லட் டப்பா வாங்கு.

நீ இறங்கப்போவது பத்து மீட்டர் ஏர் ரைபிள். போட்டியில் நின்றுகொண்டுதான் சுடவேண்டும். ஐந்தரைக் கிலோ வரைக்கும் எடையுள்ள ரைபிளை இடது கையில் ஏந்தி, 75 நிமிடத்தில் 60 குண்டு. அங்கே ஸ்டாண்டுக்கு இடமே கிடையாது. மாற்றுத்திறனாளிகள் போட்டியில் மட்டும், கையால் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கென்று எஸ்எச்2 என்று ஒரு பிரிவு உண்டு. அவர்களுக்கு ஸ்பிரிங் வைத்த தாங்கி கொடுக்கிறார்கள். உனக்குத் தாங்கி என்பது பழகுவதற்கு இல்லை, சோதிப்பதற்கு. உன் ஆட்டத்தைக் கழித்துவிட்டால் ரைபிளும் பெல்லட்டும் என்ன செய்கின்றன என்று பார்க்கத்தான்.

அது சின்ன விஷயம் இல்லை. பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. 2024 பாரிஸில் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தும் பத்தாவது இடம்தான். முதல் எட்டுப் பேருக்குத்தான் ஃபைனல். தசமப் புள்ளியில் போய்விடுகிற விளையாட்டில், உன் குழலுக்கு ஒத்துவராத பெல்லட்டைப் போட்டுக்கொண்டு உன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? ஒரே கம்பெனி டப்பாவிலேயே ஒரு லாட் ஒட்டினாற்போல் விழும், அடுத்த லாட் சிதறும். அதை மணல் மூட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஈயக் கட்டி ஏற்றுகிற சட்டத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. தோளைக் கழற்றுகிற பெரிய ரைபிளுக்குச் செய்தது அது. அதிலும்கூட உதைக்குப் பின்னால் போக வழியில்லாமல் பண்ணினால், தோள் வாங்கவேண்டிய அடியைக் கட்டை வாங்கும்; மரக்கட்டையாக இருந்தால் கைப்பிடி ஓரம் கீறல் விடும். உன் ஏர் ரைபிளுக்கு எதற்கு அது?

மூட்டையை நானே தைத்துத் தருகிறேன். முன்னால் ஒன்று, பின்னால் தோள்பக்கக் கட்டைக்கு அடியில் சின்னதாக ஒன்று. காக்கிக் கான்வாஸ், இரட்டைத் தையல். ஆற்று மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் போடவேண்டும். ஈரத்தோடு போட்டால் இந்தச் சாரலுக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். அரிசி போட்டால் வண்டு. உமி லேசு, அமுக்கினால் எழும்பும். முக்கால் மூட்டைதான் நிரப்பணும். முட்ட நிரப்பினால் கல்லு மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் நடுவில் கையால் ஒரு குத்து குத்தினதும் பள்ளம் விழுந்து, முன்கட்டை அதில் உட்காரும். பின்மூட்டையை இடது கையால் லேசாகப் பிசைந்தாலே குறி ஒரு நூல் ஏறும், இறங்கும். அந்த இரும்புத் திருகாணி செய்கிற வேலையும் அதுதான்.

ஒன்றை மறக்காதே. மூட்டை முன்கட்டைக்கு அடியில் இருக்கவேண்டும், குழலுக்கு அடியில் கூடாது. பட்டாளத்தில் புதுப் பையன்கள் எஸ்எல்ஆர் குழலை மூட்டை விளிம்பில் சாத்திவைத்துக்கொண்டு சுடுவார்கள், குண்டு மேலே மேலே போகும். ஷிஸ்த் சரியாகத்தான் எடுத்தேன் உஸ்தாத் என்று சத்தியம் பண்ணுவார்கள். எடுத்திருப்பார்கள்தான். ஷிஸ்த் என்றால் குறி; நீயும் என்சிசியில் அந்த வார்த்தையைக் கேட்டிருப்பாய்.

கிளப்பில் இருக்கிறது காற்று அடைத்த சிலிண்டர் ரைபிள். அதை நேரே மூட்டைமேல் வைக்கலாம், ஒன்றும் செய்யாது. வீட்டில் இருக்கிற பழைய ஸ்பிரிங் ரைபிள் வேறு ஜாதி. குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே உள்ளே ஸ்பிரிங் முன்னும் பின்னும் உதறிவிடும். கெட்டியான எதன்மேல் வைத்தாலும் துள்ளும். அதற்கு மூட்டைமேல் உள்ளங்கை, உள்ளங்கைமேல் ரைபிள், இறுக்கிப் பிடிக்காமல். பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கிற வேலையும் அதில் வேண்டாம், பிஸ்டன் போய்விடும்.

இங்கே வந்தால் மாடியில் வைத்துச் சோதிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். இப்போது வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியாததா? அரை கிராம் பெல்லட் அது. பக்கத்துக் காற்றில் தள்ளிப்போகும், நீ மூட்டையைச் சந்தேகப்படுவாய். கிளப் ஹாலிலேயே பார். மேஜை ஆடாமல் இருக்கட்டும். ஒவ்வொரு டப்பாவிலும் ஐந்தைந்தாகச் சுட்டு, அட்டையில் பெயரெழுதி வை. நடுப்பொட்டில் விழுகிறதா என்று பார்க்காதே, ஒரே ஓட்டையில் விழுகிறதா என்று பார். நடுவுக்குக் கொண்டுவர சைட் இருக்கிறது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு; அத்தனையும் ஈயம்.

இனி உங்கப்பா சமாச்சாரம். ஸ்டாண்டு வந்தால் வயல் பரணில் கட்டி, ஏர் ரைபிளை வைத்துப் பன்றியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாராமே மச்சான். அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. கதிர் பிடிக்கிற நேரத்தில் ஒரு ராத்திரியில் வரப்பு முழுக்கக் கிண்டிப் போட்டுவிடுகிறதுகள். ஆனாலும் அது நடக்கிற காரியம் இல்லை. 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் வேண்டாம், சரி. அது வைத்திருப்பதற்கு. காட்டுப்பன்றி 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது. குறி தப்பினாலும் சுடப்பார்த்ததே வேட்டைதான். அந்தக் குண்டுக்குப் பன்றி சாகவும் சாகாது, புண்ணோடு திரியும். மறுநாள் களை பறிக்க வருகிற பெண்கள்மேல்தான் பாயும்.

மலைக்கு அந்தப் பக்கம் சுடுகிறார்களே என்பார். கேரளத்தில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடலாம், லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் வந்து சுடுவார். கோட்டைவாசல் தாண்டினால் ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம். எனக்கும் அதில் ஆற்றாமைதான். நம் அரசு 2025-ல் போட்ட உத்தரவில், காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. மூன்று கிலோமீட்டர் வரைக்கும் பிடித்துக் காட்டில் விடணும். அதற்கும் அப்பால்தான், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். நம் வயலில் நின்று கல்லெறிந்தால் காட்டுக்குள் விழும். மூன்று கிலோமீட்டருக்கு எங்கே போக? அழிந்த பயிரைத் தொடாமல் போட்டோ எடுத்து, விஏஓவிடமும் வனத்துறையிடமும் இழப்பீட்டு மனு கொடுக்கச் சொல். போன தடவை மாதிரி வரப்பைச் சரிபண்ணிவிட்டு மனு எழுதினால் எவன் நம்புவான்? நாட்டு வெடி, கரண்டு கம்பி என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்கவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நம் பக்கம் யானையும் அந்த வழிதான் வருகிறது.

முன்கட்டையின் அடி அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து, வெள்ளிக்குள் எனக்குப் போன் போடு. கிளப் ரைபிள், வீட்டு ரைபிள் இரண்டுக்கும் அளவு வேண்டும். சனிக்கிழமை உங்கம்மா கோயிலுக்கு வருகிறாள். மூட்டையை மணல் இல்லாமல் அவளிடம் கொடுத்துவிடுகிறேன், பஸ்ஸில் அவளால் சுமக்க முடியாது. மணலை அங்கேயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா