வண்டியின் அடிவயிற்றுச் சிவப்பு

சென்ற மே மாத விடுமுறையில் பதினொரு நாட்கள் ஒரு பிரீமியர் பத்மினியின் கீழே மல்லாந்து கிடந்தேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் என்னவாயிற்று என்று கேட்ட நண்பர்களுக்கு இதுவே விடை.

வண்டி அப்பாவுடையது. அவர் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பைப் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினர். அப்பா போகவில்லை. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் 1986ஆம் ஆண்டு பத்மினி ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். ராபர்ட்சன்பேட்டைக் கல்யாணங்கள், ஆண்டர்சன்பேட்டைப் பிரசவங்கள், பங்காருப்பேட்டை ரயிலடி எல்லாம் அந்த வண்டி பார்த்தவை. அவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. வண்டி லைன் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது.

தங்கை செவிலியர் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். கட்டணம் கட்ட வேண்டும், வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. பழைய கார்களைச் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் பார்க்க வந்தார். மேற்பூச்சைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதைத் தாமே புதிதாக அடித்துக்கொள்வாராம். குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தவர், "அடித்தகட்டில் ஆலை அடித்த பூச்சு அப்படியே இருந்தால் முப்பதாயிரம் கூடுதலாகத் தருகிறேன். துருப்பிடித்த இடங்களை அதே நிறத்தில் தொட்டுச் சரிசெய்யுங்கள். கறுப்புக் கோட்டிங் மட்டும் அடித்துவிடாதீர்கள்" என்றார்.

எங்கள் தெருப் பெயிண்டர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வண்டிக்கு அடியில யாருப்பா படுத்துப் பாக்கப் போறாங்க? ரெண்டு கோட்டு கறுப்பு அடிச்சா வேலை முடிஞ்சுது." ஓடுகிற வண்டிக்கு அது தவறான அறிவுரையும் அன்று. ஆனால் துருவைச் சுரண்டாமல் அதன்மேல் தார்க்குழம்பை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப்போகும். வெளியே தகடு பளபளவென்றிருக்க, உள்ளே அரிப்பு யார் கண்ணிலும் படாமல் நடந்துகொண்டிருக்கும். பத்மினிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அந்தத் தகடுதான் வண்டியையே தாங்குகிறது.

முதல் மூன்று நாட்கள் அழுக்கை அகற்றுவதிலேயே போயின. தின்னர் ஊற்றிக் கழுவினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், கூடவே நான் தேடிய நிறமும் கரைந்து போகும். ஆகவே மண்ணெண்ணெய், மென்மையான தூரிகை, பிறகு சோப்புத் தண்ணீர். தொல்லியல் படிப்பவனுக்கு இது பழகிய வேலை. மேலே கோலார்ச் செம்மண். அதற்குக் கீழே மாவு போன்ற சாம்பல்நிறப் படிவு. ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கு மேல், சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடி காலத்தில் அது எங்கள் சோற்றிலும் விழும். அதற்கும் கீழே எஞ்சின் கழிவு எண்ணெய். மழைக்காலத்துக்கு முன் அப்பா ஆண்டுதோறும் அடித்தகட்டில் அதைப் பூசுவார், நாற்றம் பொறுக்காமல் அம்மா சண்டை பிடிப்பார். அந்த எண்ணெய்தான் தகட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

எண்ணெய்க்கு அடியில் சிவப்பு இருந்தது. ஓரங்களில் மேற்பூச்சின் வெளிர்மஞ்சள் மெல்லிய பனிபோலப் படிந்திருந்தது. ஆலையில் மேலே ஸ்ப்ரே அடித்தபோது காற்றில் பறந்த துளிகள் அவை. யாரும் அங்கே வேண்டுமென்று அடித்ததில்லை. நான் போலச் செய்ய வேண்டியிருந்தது அந்த அலட்சியத்தையும் சேர்த்துத்தான்.

நிறத்தைப் பொருத்துவதென்றால் எந்த நிறத்தோடு பொருத்துவது? சக்கரத்துக்கு அருகில் கல்லடி பட்டு ஒரு சிவப்பு. புகைபோக்கிக் குழாய்க்கு மேலே சூட்டில் கருகி வேறொரு சிவப்பு. தரைத்தகட்டில் இருந்த ரப்பர் அடைப்பான் ஒன்றைக் கழற்றினேன். அதன் உதட்டுக்கு அடியில் வெயிலும் எண்ணெயும் கல்லும் தொடாமல் மோதிர அளவில் ஒரு வளையம் கிடைத்தது. அதையே மூலபாடமாக வைத்துக்கொண்டேன்.

துறையின் மன்செல் மண்நிற அட்டைப் புத்தகம் என்னிடம் இருந்தது. அகழ்வுக் குழியில் மண்ணையும் பானையோட்டையும் நிறச்சாயல், ஒளிர்வு, செறிவு என்னும் மூன்று அளவுகளால் குறிப்பதற்கானது. அதை எண்ணெய்க் கையோடு காருக்கு அடியில் கொண்டுபோனேன். என் நெறியாளர் இந்தப் பதிவைப் படிக்காமலிருக்க வேண்டுகிறேன். வளையத்தின் நிறம் 2.5ஒய்ஆர் 4/6க்கு நெருங்கி வந்தது. ராபர்ட்சன்பேட்டைக் கடையில் ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு நிறுவனங்களுடையது வாங்கினேன். இந்தியத் தரக் கட்டளையின் ஐ.எஸ். 5 பட்டியலில் ரெட் ஆக்சைடுக்கு 446 என்று ஓர் எண்ணே உண்டு. ஆனாலும் இரண்டு டப்பாவும் இரண்டு சிவப்பாக இருந்தன. இரண்டிலும் இருப்பது இரும்பு ஆக்சைடுதான். பாறை ஓவியம் வரைந்தவனும் கருப்பு-சிவப்புப் பானை வனைந்தவனும் நம்பிய அதே பொருள். துகள் நுண்ணியதாக இருந்தால் செம்மஞ்சள் பக்கம் சாயும், பருத்தால் ஊதாப் பக்கம் சாயும். வேதிப்பெயர் ஒன்றாக இருப்பதால் நிறம் ஒன்றாகிவிடாது. சிவப்புச் சாயம் எதையாவது கலந்து சரிக்கட்டலாம் என்று முயன்று ஒரு நாளை வீணாக்கினேன். டியூப் லைட்டில் அச்சாகப் பொருந்திய கலவை காலை வெயிலில் வேறொன்றாகத் தெரிந்தது. நிறவியலார் இதனை மெட்டாமெரிசம் என்பர். இரு கலவைகளின் நிறமிகள் வேறானால் ஒரு விளக்கில் ஒன்றாகத் தோன்றுபவை மற்றொரு விளக்கில் பிரிந்து நிற்கும். அதன்பின் இரும்பு ஆக்சைடைத் தவிர வேறெதையும் தொடவில்லை. இரண்டு டப்பாவையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, ஒரு துளி காவி மஞ்சளும் சேர்த்து, பழைய தகரத் துண்டு ஒன்றில் வரிசையாகப் பூசிப் பார்த்தேன். ஈரத்தில் ஒப்பிடுவது பயனற்றது. காய்ந்ததும் நிறம் வெளுக்கும், மினுக்கமும் மாறும். பதினாறாவது பூச்சு பொருந்தியது.

பொருந்தியும் கண் ஏமாறவில்லை. தூரிகையின் கோடுகள் காட்டிக்கொடுத்தன. ஆலை அடித்தது துப்பாக்கியால், அதன் பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளியிட்டிருக்கும். இங்கே பெயிண்டர் அண்ணனிடம் சரணடைந்தேன். கேலி செய்தவரேதான் ஸ்ப்ரே கன்னோடு வந்து என் பக்கத்தில் படுத்தார். சிவப்பை இரண்டு மெல்லிய கோட்டாக அடித்தார். பிறகு வெளிர்மஞ்சளை மிக நீர்க்கக் கலந்து, துப்பாக்கியை ஒரு முழத்துக்கு அப்பால் பிடித்து, தகட்டைப் பாராமல் வேறெங்கோ அடிப்பவர்போல் இரண்டு முறை வீசினார். அந்தப் பனி அப்படியே வந்து விழுந்தது. "பாத்து அடிச்சா வராது தம்பி" என்றார்.

ஏழாம் நாள், பின் இடப்பக்கப் பட்டைவில் மாட்டியிருக்கும் இடத்தில், உள்ளங்கை அளவில் இன்னொரு சிவப்பைக் கண்டேன். கனத்தது, தூரிகையால் இழுத்தது, ஊதா கலந்தது. மன்செலில் 10ஆர் 3/4. ஆலையுடையது அன்று. ஆனால் எங்கோ பார்த்த நிறம். வீட்டுக்குள் போய்த் தேடினேன். டிரங்குப் பெட்டியின் அடியில் அதே நிறம், பின்கதவுத் தாழ்ப்பாளிலும் அதே நிறம்.

அப்பா சுரங்கத்துக்குள் குழாய்களுக்கு ரெட் ஆக்சைடு அடித்தவர். வாயிற்சோதனைக்கு மூன்று தலைமுறையாகப் பழகிய ஊர் எங்களுடையது. "ஒரு ஆணிகூட வெளியே எடுத்து வந்ததில்லை" என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பெருமை. அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமல், "கடைசி நாள் யார்டா சோதனை போட்டாங்க?" என்றார். பிறகு, "கடையிலதான் வாங்கியிருப்பாரு" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை.

ஆலை நிறம் வேண்டுமென்றால் அந்தத் திட்டைச் சுரண்ட வேண்டும். முப்பதாயிரத்துக்கான நிபந்தனை அதுவே. என் கையில் பதினாறாம் எண் கலவையும் மிச்சமிருந்தது.

உடைந்த பானையைச் சாந்தால் நிரப்பும்போது எங்கள் துறையில் சாந்துக்குச் சற்றே வேறான நிறம் தருவோம். தள்ளி நின்றால் பானை முழுமையாகத் தெரிய வேண்டும், நெருங்கினால் எது பழையது எது நம்முடையது என்று பிரிந்து தெரிய வேண்டும். ரோமின் நடுவண் சீரமைப்பு நிறுவனத்தில் 1940களில் செசாரே பிராண்டியும் அவர் குழுவினரும் சிதைந்த ஓவியங்களை மெல்லிய இணைகோடுகளால் நிரப்பியதும் இந்த நேர்மைக்காகவே. கார்க்காரர்களின் அறம் இதற்கு நேர் எதிரானது. மூக்கை வைத்துப் பார்த்தாலும் ஒட்டுத் தெரியக்கூடாது. இதைப் போலிவேலை என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தகட்டுக்கு ஒட்டுத் தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை, தெரிய வேண்டியது மனிதர்களுக்குத்தான். அதற்குத் தாளும் பேனாவும் போதும். நான்கு இடங்களைத் தொட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படமெடுத்து, அளவும் கலவை விகிதமும் குறித்து, அடித்தகட்டின் வரைபடத்தோடு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன்.

அப்பாவின் திட்டு வேறு கணக்கு. அது பழுது அன்று, பழுதுபார்த்தது. அதைச் சுரண்ட உப்புத்தாளைக் கையில் எடுக்கவும் செய்தேன். மற்ற இடங்களை நீர் தொட்டே தேய்த்திருந்தேன். பழைய சிவப்புப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், வறட்டுத் தூசி மூச்சில் போகக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. தூசியும் நுரையீரலும் என்றால் எங்கள் வீட்டில் எச்சரிக்கை தேவையில்லை, அப்பாவின் கடைசி இரண்டாண்டு இருமல் போதும். தாளை நனைத்துத் திட்டின் ஓரத்தில் ஒரு முறை இழுத்தேன். தண்ணீர் சிவந்து மணிக்கட்டு வழியே சட்டைக்குள் இறங்கியது. துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த ஒரு கோடு இப்போதும் அங்கே இருக்கும். குறிப்பில் அதையும் எழுதினேன்.

பெங்களூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து, கோணியை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துக் கால் மணி நேரம் பார்த்தார். நான் தொட்ட நான்கில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டபோதுகூட இவ்வளவு மகிழ்ந்ததில்லை. அப்பாவின் திட்டை உடனே கண்டுபிடித்தார். "இதை மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்றார். சொன்னேன். குறிப்பையும் கொடுத்தேன். மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்துவிட்டு, பத்தாயிரம் குறைத்துக்கொண்டு பணத்தை எண்ணி வைத்தார். திட்டை வைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. விற்ற பொருளிடம் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது, கேட்டிருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

தங்கையின் கட்டணத்துக்கு நாலாயிரம் குறைந்தது. உதவித்தொகை வந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். உதவித்தொகை எப்போது வரும் என்பது இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்குத் தெரியும்.

பதினாறு சிவப்பும் பூசிய தகரத்தைத் துறைக்குக் கொண்டுபோய் மாணவர்களுக்குக் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் ஊருக்குப் போனபோது அம்மா அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கியிருந்தார்.