ஆற்றின் அக்கரையில் திறந்த பூட்டு

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், பாராளுமன்றக் குன்றிலிருந்து சற்றே நடந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மாநிலமே மாறிவிடுகிறது. இக்கரை ஒண்டாரியோ, அக்கரை கியூபெக். பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சு மொழி முந்திக்கொள்கிறது. கட்டினோ என்னும் அவ்வூரில்தான் அந்நாட்டின் வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையம் அமைந்துள்ளது. அதைத் தேடிச் செல்லும் பயணிகள் அரிது. நான் சென்றதற்குக் காரணம் ஒரு கைபேசி.

2016-ஆம் ஆண்டு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் மகளைக் காணச் சென்றிருந்தேன். ஊர் திரும்பும் வேளையில் மருமகன் தம் கைபேசியை என்னிடம் தந்து, "வைத்துக்கொள்ளுங்கள் மாமா, ஒப்பந்தம் முடிந்துவிட்டது; இனி இது நம்முடையதுதான்" என்றார். காயல்பட்டினம் வந்து நம் நாட்டுச் சிம் அட்டையைச் செருகினேன். ஏற்க மறுத்தது. விற்ற நிறுவனம், தன் அட்டையன்றி வேறெதுவும் இயங்காதவாறு அதைப் பூட்டி வைத்திருந்தது! திறப்பதற்குரிய எண்ணின் விலை 50 டாலர். மருமகன் அங்கிருந்தே கட்டினார். விலை கொடுத்து வாங்கிய வீட்டின் சாவிக்குத் தனியே பணம் கேட்பது எவ்வகை வாணிபமோ!

விலையைக் குறைத்துத் தந்தோம், ஆகவே பூட்டினோம் என்பது நிறுவனங்களின் வாதம். ஆனால் ஒப்பந்தத்தை இடையில் முறிப்பவரிடம் எஞ்சிய தொகையை வசூலிக்க வேறு விதி இருக்கவே செய்தது. வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தை நாடாமல் தடுப்பதற்கே பூட்டு பயன்பட்டது. 2013-இல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பு, கேட்டால் திறந்துவிட வேண்டும் என்றது, கட்டணத்தைத் தடுக்கவில்லை. 2016-இல் மட்டும் இவ்வகையில் திரண்ட தொகை 3 கோடியே 77 இலட்சம் டாலர் எனப் பத்திரிகைகள் எழுதின.

2017 பிப்ரவரியில் கட்டினோவில் பொது விசாரணை நடந்தது. ஜூன் 15 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது: டிசம்பர் 1 முதல் புதிய கைபேசிகளைப் பூட்டின்றியே விற்க வேண்டும், முன்பு விற்றவற்றைக் கேட்டவுடன் இலவசமாகத் திறந்துவிட வேண்டும்.

அடுத்த பயணத்தில், அத்தீர்ப்பு பிறந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்று மருமகனை அழைத்துச் சென்றேன். அலுவலகக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தவர், "அந்த 50 டாலரைத் திருப்பித் தருவார்களா, மாமா?" என்றார். பாலத்தில் குளிர்காற்று வீசத் தொடங்கியிருந்தது, திரும்பி நடந்தோம்.